மனநிறைவுக்கு முழக்கோல் உண்டா?

துணியை முழம் போட்டு அளக்கிறோம். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். பாலைப் படியால் அளக்கிறோம். ஒரு மனிதனுக்குத் தன் வாழ்க்கை நிறைவாக இருக்கிறதா, இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இப்படிக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளாக உலகின் பல நாடுகளில் அறிஞர்கள் இதே கேள்வியோடு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடைகளை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கமும் வந்துவிட்டது. அந்த வரிசையில் இந்தியா எங்கோ பின்னால் நிற்பதைக் கண்டு நாளேடுகள் ஆண்டுதோறும் வருத்தம் தெரிவிக்கின்றன.

அந்த அளவுகோல் யார் கையில் இருந்தால் நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வேற்றூரில், வேற்று மொழிக்காரர் நடுவில் வாழ்பவர்களின் மனநிறைவை அளப்பதற்கும் இதே கோலைத்தான் எடுக்கிறார்கள். ஊர் பெயர்ந்து பிழைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தியன்று. ஆகவே, இந்தக் கோல் சரியானதுதானா, இதைப் பிடிக்கும் முறை சரியானதுதானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

புறப்பட்டுப் போகும் ஊர்கள்

பாப்பாரப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மானாவாரி நிலங்கள். மழை பெய்தால் கேழ்வரகு, பொய்த்தால் பெங்களூர். இதுதான் இப்பகுதியின் பல குடும்பங்களுடைய பொருளாதாரச் சுருக்கம். கட்டட வேலைக்குப் பெங்களூர், பனியன் வேலைக்குத் திருப்பூர், தொழிற்சாலை வேலைக்கு ஓசூர் என்று திசைகள் மாறலாம், புறப்படுவது மாறுவதில்லை. தருமபுரி 1965-ல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டமும், திருச்சி முதலிய மாவட்டங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலியாட்களை அனுப்பியவை. ஆக, நம் பகுதிக்குப் பயணப் பழக்கம் ஐந்து தலைமுறைக்கும் மேற்பட்டது.

நாட்டளவில் பார்த்தாலும் இது சிறிய கூட்டமன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் இடம் பெயர்ந்தோர் 45 கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதும், அப்பெண்கள் இடம் பெயர்ந்ததற்கு முதற் காரணம் திருமணம் என்பதும் பலர் கவனிக்காத செய்தி. வெளிநாடு சென்றோரைப் பற்றி 2015-இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் வாழும் தமிழ்நாட்டினர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என மதிப்பிட்டது.

இவர்கள் அனுப்பும் பணத்தை வங்கி எண்ணுகிறது. இவர்கள் ஏறும் விமானத்தை அரசு எண்ணுகிறது. இவர்கள் நிறைவாக இருக்கிறார்களா என்பதை மட்டும் யார் எண்ணுவது? தொலைபேசியில் தாய் கேட்கிறாள்: “சாப்பிட்டியா கண்ணு? நல்லா இருக்கியா?” மகன் சொல்கிறான்: “நல்லா இருக்கேம்மா. நீ கவலப்படாத.” இந்த விடையை எந்தக் கட்டத்தில் குறிப்பது? மகன் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தாயின் தூக்கத்துக்காக ஒரு விடை சொன்னான். ஆய்வாளர் வந்து கேட்டாலும் முதலில் அவன் வாயில் வரப்போவது இந்த விடைதான்.

ஏணியும் ஐந்து வாக்கியங்களும்

அளவுகோல்கள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965-ல் வெளியிட்ட நூலில் ஓர் ஏணியை அறிமுகப்படுத்தினார். அடிப்படி சுழியம், உச்சிப்படி பத்து. உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில் இருக்கிறது. மிக மோசமான வாழ்க்கை அடியில் இருக்கிறது. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. அவர் ஆராய்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. உச்சிப்படி எது என்பதைக் கேட்பவர் சொல்வதில்லை, விடையளிப்பவரே தீர்மானிக்கிறார் என்பது இந்த ஏணியின் சிறப்பு.

அடுத்து, எட் டீனரும் அவருடைய கூட்டாளிகளும் 1985-ல் வெளியிட்ட அளவுகோல். அதில் ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். மொத்தம் ஐந்துக்குக் குறையாது, முப்பத்தைந்தைத் தாண்டாது. வாழ்க்கை இலட்சியத்துக்கு நெருக்கமாக இருக்கிறதா, சூழ்நிலை நன்றாக இருக்கிறதா, மறுபடி வாழ வாய்த்தால் எதையாவது மாற்றுவீர்களா என்ற போக்கில் அவ்வாக்கியங்கள் அமைந்துள்ளன.

கான்ட்ரிலின் ஏணியைத்தான் காலப் நிறுவனம் தன் உலகக் கணிப்பில் பயன்படுத்துகிறது. அதை வைத்தே 2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. 2018-ஆம் ஆண்டு அறிக்கை இடம்பெயர்ந்தோரைப் பற்றியது. 156 நாடுகளை வரிசைப்படுத்தியதோடு, 117 நாடுகளில் வாழும் அயல்நாட்டில் பிறந்தோரின் மனநிறைவையும் அது தனியே வரிசைப்படுத்தியது. இரண்டு வரிசையிலும் பின்லாந்து முதலிடம். குடியேறியவர்களின் மனநிறைவு பெரும்பாலும் அந்நாட்டு மக்களின் மனநிறைவை நெருங்கிவிடுகிறது என்பதும், பிறந்த நாட்டின் சாயலும் ஓரளவு ஒட்டியிருக்கிறது என்பதும் அதன் முடிவுகள். போகும் இடம் நல்ல இடமாக இருந்தால் போனவரும் நன்றாக இருப்பார் என்று இதைச் சுருக்கலாம்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் அதே அறிக்கையில் சீனாவைப் பற்றிய ஒரு பகுதியும் உண்டு. சீனக் கிராமத்திலிருந்து நகரத்துக்குச் சென்றவர்களின் வருவாய் கூடியது. ஆனால் கிராமத்தில் தங்கியவர்கள், நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போனவர்கள் என்ற மூன்று கூட்டத்தாரில் மனநிறைவு மிகக் குறைந்தவர்கள் போனவர்களே! பாப்பாரப்பட்டியிலிருந்து பெங்களூர் போகிறவர்களைப் பற்றி எண்ணும் நமக்குப் பின்லாந்தை விட இந்தச் சீனச் செய்தியே நெருக்கமானது.

சொல்லில் இருக்கும் சிக்கல்

இந்த அளவுகோல்களைப் பண்பாடு விட்டுப் பண்பாடு எடுத்துச் செல்லும்போது நான்கு சிக்கல்கள் எழுகின்றன என்பது என் கருத்து.

முதலாவது, சொல். ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் கேட்பதை நாம் எந்தச் சொல்லால் கேட்பது? மகிழ்ச்சி, திருப்தி, மனநிறைவு, நிம்மதி ஆகிய நான்கும் ஒன்றல்ல. திருமண வீட்டில் மகிழ்ச்சி இருக்கும், நிம்மதி இருக்காது. மகளைக் கட்டிக் கொடுத்த மறுநாள் நிம்மதி இருக்கும், மகிழ்ச்சி இருக்காது. சாப்பாட்டுக்குப் பின் “திருப்தியா?” என்று கேட்கிறோம், வாழ்க்கையைப் பற்றி அப்படிக் கேட்டால் கேலி போலத் தோன்றும். நம் ஊர்ப் பெரியவர்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது மிகுதியாகப் பயன்படுத்தும் சொல் நிம்மதி. ஆய்வாளர் திருப்தியைக் கேட்க, இவர்கள் நிம்மதியைச் சொல்ல, இடையில் எண் மட்டும் எழுதப்பட்டால் அது யாருடைய எண்? தருமபுரியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக இருக்கின்றன. ஒரே தெருவில் மூன்று மொழியில் கேட்டால், கேள்வி ஒன்றா, மூன்றா?

மறுபடி வாழ வாய்த்தால் எதையாவது மாற்றுவீர்களா என்ற கேள்வியைப் பாருங்கள். தன் வாழ்க்கையைத் தானே வகுத்துக்கொண்டதாக நம்பும் ஒருவனுக்கு இது பொருளுள்ள கேள்வி. எல்லாம் தலையெழுத்து என்று நம்பும் ஒரு கிழவிக்கு இது என்ன கேள்வி? “எழுதினவன் மாத்தினாத்தானே?” என்று அவள் திருப்பிக் கேட்டால் எந்த மதிப்பெண் போடுவது?

இரண்டாவது, பேசும் மரபு. நம்மில் ஒருவர் “நான் மிக மிக நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் கண்பட்டுவிடும் என்ற அச்சம். “ஏதோ ஓடுது”, “உங்க புண்ணியத்துல இருக்கோம்” என்பவை நம் விடைகள். பத்தாம் படியில் நிற்பவரும் ஆறாம் படியைச் சொல்வார். வேறு சில நாடுகளில் குறை சொல்வது மரியாதைக் குறைவு. அங்கே நான்காம் படியில் நிற்பவரும் எட்டு என்பார். இவ்விருவரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, முன்னவர் துன்பத்தில் இருக்கிறார், பின்னவர் இன்பத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டுவது நியாயமா?

இந்தச் சிக்கலை அறிஞர்கள் உணராமல் இல்லை. கேரி கிங் முதலியோர் 2004-ல் ஒரு வழியைக் காட்டினார்கள். அரசின் செயல்களில் உங்கள் குரலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டபோது, சீனர்களே தங்கள் குரலுக்கு மிகுந்த இடம் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு, கற்பனை மனிதர் சிலரின் நிலையைச் சிறுகதை போலச் சொல்லி, அவர்களுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது முடிவு தலைகீழாக மாறியது. ஒவ்வொருவருடைய முழமும் அவரவர் கையளவு; ஆகவே, ஒரே துணியை எல்லோரிடமும் கொடுத்து முதலில் அளக்கச் சொல்லி, முழத்தின் நீளத்தைத் தெரிந்துகொண்டார்கள். நம் ஊர்த் துணிக்காரருக்கு விளங்கக்கூடிய முறைதான் இது.

நீளும் ஏணி

மூன்றாவது சிக்கல், ஊர் பெயர்ந்தவர்களுக்கே உரியது. இடம் மாறும்போது படி மட்டும் மாறுவதில்லை, ஏணியே மாறிவிடுகிறது. பாப்பாரப்பட்டியில் இருக்கும்போது ஒருவனுக்கு உச்சிப்படி என்பது வற்றாத கிணறும், நாலு ஏக்கர் நிலமும், ஓட்டு வீடும். பெங்களூர் போய் இரண்டாண்டு ஆனபின், தான் கல் சுமந்து கட்டிய பதினைந்து மாடிக் குடியிருப்பு அவன் கண்முன் உச்சிப்படியாக நிற்கிறது. அவன் இரண்டு படி ஏறினான். ஏணி ஐந்து படி நீண்டது. “எந்தப் படியில் நிற்கிறாய்?” என்று கேட்டால் முன்னைவிடக் குறைவாகவே சொல்வான். அவன் நிலை கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. நிறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

இதை மெய்ப்பிக்க ஓர் அரிய ஆய்வு உண்டு. பசிபிக் கடலில் உள்ள டோங்கா தீவினருக்கு நியூசிலாந்து அரசு குலுக்கல் முறையில் குடியேறும் வாய்ப்பு அளிக்கிறது. சீட்டு விழுந்தவர் போகிறார், விழாதவர் தங்குகிறார். இரு சாராருக்கும் இடையே வேறுபாடு அதிர்ஷ்டம் ஒன்றுதான். ஆகவே, ஊர் பெயர்வதால் நேரும் மாறுதலைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. 2015-ல் வெளிவந்த முடிவு இது: போனவர்களின் வருவாயும் வசதியும் பெருமளவு உயர்ந்தன, மனநலமும் தேறியது, ஆனால் மகிழ்ச்சி குறைந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், “போவதற்கு முன்பு எந்தப் படியில் இருந்தீர்கள், இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், ஏறிவிட்டதாகவே போனவர்கள் சொன்னார்கள். ஆனால் தங்கியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏற்றம் எதுவும் தெரியவில்லை. அதாவது, அவர்கள் ஏறியதாக நினைத்ததற்குக் காரணம், பழைய படியை நினைவில் தாழ்த்திக்கொண்டதுதான். “அங்கே கிடந்து என்ன செய்திருப்போம்?” என்று ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லும் நம் உறவினர்களை இது நினைவூட்டவில்லையா?

நான்காவது சிக்கல், யாரைக் கேட்கிறோம் என்பது. சிங்கப்பூரில் இருப்பவரிடம் கேட்டால், அங்கே நிலைத்தவரின் விடை கிடைக்கும். ஒத்துவராமல் திரும்பி வந்தவர் கணக்கில் வரமாட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊரை நோக்கி நடந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர்களிடம் ஏணியைக் காட்டியிருந்தால் ஏதோ ஒரு படியைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் படி எவ்வளவு உறுதியற்றது என்பதை ஒரே இரவு காட்டிவிட்டது. திருமணத்தால் ஊர் மாறிய கோடிக்கணக்கான பெண்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்று நாம் எண்ணுவதுகூட இல்லை. வாக்கப்பட்ட ஊர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். போனவன் பின்னால் ஊரில் தங்கிவிட்ட தாயையும் மனைவியையும் யாரும் கேட்பதில்லை. குடும்பத்தில் ஒருவருடைய படி ஏறும்போது இன்னொருவருடைய படி இறங்கியிருக்கலாம் அல்லவா?

கேட்காமலே பங்கிட்ட கதை

இத்தனை சிக்கல் இருந்தால் அளப்பதையே விட்டுவிடலாமே, மனத்தை எண்ணாக்குவது மேனாட்டார் மயக்கம் என்று சிலர் வாதிடுவார்கள். அவர்களுக்கு நம் இனத்தின் வரலாற்றிலிருந்தே விடை சொல்ல விரும்புகிறேன்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேல் உழைத்த தமிழர்களை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்கள் முடிவானபோது, எங்கே வாழ்ந்தால் உங்களுக்கு நிறைவு என்று அந்தப் பத்து லட்சம் பேரிடமும் யாராவது கேட்டார்களா? தலைகளை எண்ணினார்கள், மனங்களை எண்ணவில்லை.

வந்தவர்களுக்காகத் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ கழகம் ஆயிற்று. வேலை கிடைத்தது; வீடு கிடைத்தது. ஆனால் அங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள், இங்கே ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்பட்டார்கள். வேலைக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கும் படிவத்தில், இந்தப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டா?

1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழரின் கதை நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்திலும் அவர்களுக்கான முகாம்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றி, புதிய வீடுகள் உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அப்போது மாநிலத்தின் 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பெயர் மாற்றம் நல்ல மாற்றம். வீடு இன்னும் நல்ல மாற்றம். ஆனால் முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைப் படத்தில் மட்டும் பார்த்த ஓர் இளைஞனுக்கு ஏணியின் உச்சிப்படி எது? இலங்கைக்குத் திரும்புவதா, இந்தியக் குடியுரிமையா? 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியே பேசுகிறது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. “அவர்கள் திரும்பவே விரும்புகிறார்கள்” என்று ஒரு சாராரும், “இங்கேயே இருக்க விரும்புகிறார்கள்” என்று ஒரு சாராரும் மேடையில் பேசுகிறார்கள். பாட்டி ஒன்றையும் பேரன் வேறொன்றையும் விரும்பலாம் என்பது மேடைக்கு எட்டுவதில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: அளக்காமல் விடுவது பெருந்தன்மையன்று. நாம் கேட்காவிட்டால், அவர்கள் சார்பில் வேறு யாராவது விடை சொல்லிவிடுவார்கள். குறையுள்ள கோல்கூட, கோலே இல்லாத பங்கீட்டை விட மேலானது. ஆனால் கோல் பிடிப்பவர், அளக்கப்படுகிறவரின் சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும்.

சிவாவின் ஏணி

பாப்பாரப்பட்டியில் நின்று இதைப் பற்றிப் பேசும்போது சுப்பிரமணிய சிவாவை நினையாமல் இருக்க முடியாது. அவரும் வந்து குடியேறியவரே. 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர், 1908-ல் வ.உ.சி.யோடு சிறைப்பட்டவர்; சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர். இரயில் பயணம் மறுக்கப்பட்டதால் நடந்தே ஊர் ஊராகச் சென்றவர். இறுதியில் பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். பாரதமாதா ஆலயத்துக்கு 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாசைக் கொண்டு அடிக்கல் நாட்டச் செய்தார். 1925 ஜூலை 23 அன்று இந்த ஊரிலேயே மறைந்தார்.

உடல் நலம், வருவாய், வசதி என்ற மூன்று கட்டங்களையும் வைத்து ஓர் ஆய்வாளர் அவரை அளந்திருந்தால், மூன்றிலும் சுழியமே போட்டிருப்பார். அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்று நாம் கற்பனையாக எழுதிவிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். எதற்காக ஓரிடத்துக்கு வந்தான் என்பதைக் கேட்காமல், வந்த இடத்தில் எப்படி இருக்கிறான் என்பதை மட்டும் கேட்கும் கேள்வித்தாள் பாதிக் கேள்வித்தாள்தான். வயிற்றுக்காகப் போனவன், பிள்ளையின் படிப்புக்காகப் போனவன், உயிருக்காக ஓடியவன், வாக்கப்பட்டுப் போனவள் ஆகிய நால்வரும் ஐந்தாம் படியில் நிற்கலாம். ஆனால் அந்த நான்கு ஐந்துகளும் ஒரே ஐந்தல்ல.

நாம் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, இது அறிஞர்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமங்களுக்குப் போகிறோம். மரம் நடுகிறோம், தெருவைப் பெருக்குகிறோம். அத்தோடு ஒரு கணக்கெடுப்பையும் நாமே நடத்தலாம். அதற்கு நான் முன்வைக்கும் முறை இது.

முதலில், கேள்வியை ஊர்ப் பேச்சிலேயே அமைக்க வேண்டும். மகிழ்ச்சியையும் நிம்மதியையும் தனித்தனியே கேட்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவரிடம் அம்மொழியிலேயே கேட்க வேண்டும். அம்மொழியில் எழுதியதை இன்னொருவரைக் கொண்டு தமிழுக்குத் திருப்பி, பொருள் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, முழத்தின் நீளத்தை முதலில் அறிய வேண்டும். “ஒருவர் ஆண்டில் எட்டு மாதம் பெங்களூரில் தகரக் கொட்டகையில் தங்கிக் கட்டட வேலை செய்கிறார், கடனை அடைத்துவிட்டார், பிள்ளைகளைப் பொங்கலுக்குத்தான் பார்க்கிறார். இவர் எந்தப் படியில் நிற்கிறார்?” என்பது போன்ற இரண்டு மூன்று சிறு கதைகளைச் சொல்லிப் படி கேட்டுவிட்டு, பிறகு “நீங்கள்?” என்று கேட்க வேண்டும். பிறரைப் பற்றிச் சொல்லும்போது கண்படும் அச்சம் இல்லை.

மூன்றாவது, யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் பங்காளியோடா, நகரத்து முதலாளியோடா, பத்தாண்டுக்கு முந்தைய தன்னோடா? ஒப்பீடு தெரியாத எண், ஊர் பெயர் எழுதாத கடிதம் போன்றது.

நான்காவது, போனவர், திரும்பியவர், தங்கியவர் ஆகிய மூவரையும் கேட்க வேண்டும். கணவர் முன்னால் மனைவியையும், மேஸ்திரி முன்னால் தொழிலாளியையும் கேட்கக் கூடாது. ஒரே தடவை கேட்டு நிறுத்தாமல் அடுத்த ஆண்டும் கேட்க வேண்டும். நிலைமை மாறியதா, ஏணி மாறியதா என்பது அப்போதுதான் புலப்படும்.

ஐந்தாவது, நம்மிடம் வந்தவர்களையும் கேட்க வேண்டும். ஓசூரிலும் திருப்பூரிலும் இன்று பீகார், ஒடிசா, சார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது பலர் அஞ்சிச் சொந்த ஊருக்கு இரயில் ஏறினார்கள். பொய் அத்தனை விரைவில் பற்றிக்கொண்டதென்றால், அவர்கள் மனத்தில் முன்பே ஏதோ ஓர் ஈரமற்ற இடம் இருந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பெங்களூரில் எப்படி நடத்தப்பட வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படி அவர்களை நாம் நடத்துகிறோமா? இதற்கு விடை அவர்களிடம்தான் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஒரு பழமொழி வழங்குகிறது. போனவனை அடக்குவதற்கும், போக நினைப்பவனைத் தடுப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அக்கரை உண்மையிலேயே பச்சைதானா, பச்சை என்றால் யாருக்குப் பச்சை என்பதை இதுவரை நாம் முறையாக விசாரித்ததில்லை. விசாரித்தால் சிலருக்குப் பச்சை என்றும், சிலருக்குக் காய்ந்த தரை என்றும் தெரியவரும். எங்கே காய்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே தண்ணீர் பாய்ச்ச முடியும்? தங்கும் கொட்டகையா, பிள்ளைகளுக்குப் பள்ளியா, குடியுரிமைத் தாளா, கௌரவமான ஒரு பெயரா என்று தேவை தெளிவாகும். மனநிறைவை அளப்பது அதற்காகத்தான்; நாடுகளுக்குப் பரிசு கொடுப்பதற்காக அன்று.

முழக்கோல் உண்டா என்று கேட்டோம். உண்டு, ஆனால் அது கடையில் விற்கும் இரும்புக் கோலன்று. கேட்பவரின் பொறுமையாலும், சொல்பவரின் நம்பிக்கையாலும் ஊருக்கு ஊர் செதுக்கிக்கொள்ள வேண்டிய மரக்கோல். அதைச் செதுக்கும் வேலையை நம் கல்லூரி தொடங்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் இந்தக் கட்டுரைக்குப் பதிலாக, பாப்பாரப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மக்கள் சொன்ன விடைகளே அச்சேறட்டும்.